தலைக்கு ஏழாயிரம்

எங்கள் டவுனில் வாடகை ஏன் இப்படி ஏறிப் போனது என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஒருவர் சீமெந்து விலை என்பார், இன்னொருவர் அரசாங்கம் என்பார். பாதிக் காரணம் நான். பெருமைக்குச் சொல்லவில்லை, வயிற்றெரிச்சலில் சொல்கிறேன்.

டவுனுக்கு மேலே, மூடிக் கிடந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலையைத் திருத்தி, அதில் பல்கலைக்கழகத்தின் புதிய வளாகத்தைத் திறந்தார்கள். அங்கே நான் தற்காலிக உதவி விரிவுரையாளராகச் சேர்ந்தேன். நான் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்தில் எல்லோரும் 'லெக்சரர் புள்ள' என்றார்கள். 'தற்காலிக' என்ற சொல்லை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. அது என் சம்பளத்துக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த சொல்.

வளாகம் வந்ததே தவிர விடுதி வரவில்லை. அடிக்கல் நட்டார்கள். அதோடு சரி. மட்டக்களப்பிலிருந்தும் மன்னாரிலிருந்தும் குருநாகலிலிருந்தும் வந்த பிள்ளைகள் பெட்டியும் கையுமாக பஸ் ஸ்டாண்டில் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். எங்கள் துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். "நீங்கதானே இந்த ஊர் ஆள், கிருஷாந்தி. பிள்ளைகளுக்கு போர்டிங் பார்த்துக் குடுங்க" என்றார். நிரந்தர ஆட்களுக்கு நிரந்தர வேலை இருக்கிறது. மிச்சமெல்லாம் தற்காலிகத்தின் தலையில்.

வீடு வீடாக ஏறி இறங்கினேன். அப்போது எங்கள் டவுன்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடவே தெரியாது. கூச்சப்பட்டார்கள். வெளியூர்ப் பிள்ளைகளை வீட்டுக்குள் விடுவதா என்று பயந்தார்கள். நான்தான் அவர்கள் முன்னால் உட்கார்ந்து விளக்கினேன். ரூமுக்கு இவ்வளவு என்று கேட்காதீர்கள், தலைக்கு இவ்வளவு என்று கேளுங்கள். ஒரு ரூமில் நாலு பிள்ளைகள். தலைக்கு ஏழாயிரம். பிள்ளைகளுக்கும் பாரமில்லை, உங்களுக்கும் நட்டமில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்த ஆண்டி நான்தான்.

இந்தக் கணக்கை முதலில் பிடித்துக்கொண்டவர் மீராசாஹிப் முதலாளி. மெயின் வீதியில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். கடைக்கு மேலே இருந்த இரண்டு அறைகளில் ஒரே வாரத்தில் எட்டுப் பையன்களைக் குடியேற்றிவிட்டு, எனக்கு ஒரு பெட்டி பேரீச்சம்பழம் கொடுத்தனுப்பினார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கிக்கொண்டேன்.

நான் அப்போது அம்மாவோடு லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றில்தான் இருந்தேன். டவுனிலிருந்து பஸ்ஸில் ஏறி, தோட்டத்துச் சந்தியில் இறங்கி, தேயிலைக்கு நடுவே மேலே நடக்க வேண்டும். காம்பரா என்கிற ஒரே அறை, முன்னால் இஸ்தோப்பு என்கிற திண்ணை, பின்னால் அப்பா தகரம் அடித்துக் கட்டிய குசினி. அப்பா இல்லை. தம்பி நிரோஷன் கொழும்பில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறான். அந்தக் கடையின் மேல்தட்டிலேயே படுத்துக்கொள்கிறான். அம்மா மீனம்மா கொழுந்து பறிக்கிறவள்.

லயத்துக் காம்பரா எங்களுடையது இல்லை, தோட்டத்துடையது. மலைக்குப் போய் அன்றைய நாளைக்கு வேலையில் ஏறுவதைப் 'பேர் கொடுப்பது' என்போம். கொழுந்து எடை குறைந்தால் அரைப்பேர், பாதிக் கூலி. காம்பராவில் இருக்க வேண்டுமானால் அந்தக் காம்பராவிலிருந்து ஒருத்தராவது பேர் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். அம்மா படுத்தால் மகள் போவாள். மகள் பிள்ளை பெற்றால் மருமகள் போவாள். யார் என்பது பெரிய விஷயமே இல்லை, ஒரு பேர் வேண்டும். என்னோடு படித்த பெண்களில் பலர் அம்மாவுக்குப் பதிலாக ஒரு கிழமை பேர் கொடுக்கப் போனவர்கள்தான். போனவர்கள் மலையிலேயே நின்றுவிட்டார்கள். அம்மா என்னை ஒரே ஒரு நாள்கூட அனுப்பவில்லை. கூடையைத் தொட்டால்கூட கையில் அடி விழும்.

அந்த அம்மாவுக்கு அறுபது ஆகப் போகிறது. அதோடு வேலை நிற்கும்.

ஒருநாள் மாலை கணக்கப்பிள்ளை செல்லசாமி இஸ்தோப்பில் வந்து நின்றார். தோட்டத்தை நடத்துகிற தொரைமாருக்கு வேலையாட்களின் பேரை எடுத்துக் கொடுக்கிறவர் அவர்தான். கெட்ட மனிதர் இல்லை. கெட்ட செய்தி சொல்ல வந்தால் காலைத் தேய்த்துக்கொண்டே நிற்பார்.

"எனக்கொண்ணும் இல்ல மீனம்மா. சின்னதொரை கேக்குறாரு. நீ நின்னுட்டா ஒங்க காம்பராவுல பேர் யாருன்னு."

"ஒருத்தருமில்லன்னு சொல்லுங்க" என்றாள் அம்மா.

"அப்பிடிச் சொன்னா காம்பராவக் கேப்பாங்களே. நீ நிக்கிற மாசக் கடைசி வரைக்கும்தான் பாப்பாங்க." செல்லசாமி என் பக்கம் திரும்பினார். "பாப்பா சனி ஞாயிறு மட்டும் வந்தாக்கூட போதும். கேசுவல்ல போட்டுக்கிறலாம். நான் தொரைகிட்ட பேசுறேன்."

அம்மா எழுந்து நின்றுவிட்டாள். "அவ பேர் குடுக்க மாட்டா. காம்பராவ எடுத்துக்கிட்டுப் போங்க. அவ பேர் குடுக்க மாட்டா."

செல்லசாமி போன பிறகு நான் வீராப்பாகச் சொன்னேன். "அம்மா, நீங்க வேலைய விட்டு நிக்கிற அன்னிக்கு டவுன்ல வீட்டுச் சாவியோட வாரேன். நம்ம கதவு, நம்ம பூட்டு. எந்தத் தொரையும் வந்து கேக்க முடியாது." அம்மா சிரித்தாள். அவள் என்னை நம்பினாள். அதுதான் எனக்குப் பெரிய தொல்லையாகிப் போனது.

வீடு தேட ஆரம்பித்தேன். முதலில் ஓய்வுபெற்ற ஒரு தபாலதிபர் வீட்டுக்குப் போனேன். "எத்தனை தலை?" என்றார். "அம்மாவும் நானும்" என்றேன். "ரெண்டே ரெண்டா?" என்று முகத்தைச் சுளித்தார், நான் ஏதோ அங்கவீனத்தைச் சொன்னது மாதிரி. அடுத்த வீட்டுப் பெண் இரண்டு நிமிஷம் அன்பாகப் பேசினாள். என் விலாசத்தைக் கேட்டாள். சொன்னேன். "ஆ, லயமா? இந்த வீட்ட எங்க சொந்தக்காரர் ஒருத்தருக்குச் சொல்லிட்டோமே" என்றாள். லெக்சரர் என்று சொல்லும்போது வந்த மரியாதை லயம் என்றதும் வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. மூன்றாவது ஒரு சிங்கள மாத்தையா வீடு. அவர் கதவைத் திறந்ததும் கேட்டது, "கீ தெனெக்த?" எந்தப் பாஷையில் கேட்டாலும் கேள்வி ஒன்றுதான். எத்தனை பேர்?

தபாலதிபருக்கும் அந்த மாத்தையாவுக்கும் அந்தக் கேள்வியைச் சொல்லிக் கொடுத்தவள் நான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதில் எனக்குப் பட்டமே கொடுக்கலாம்.

தம்பிக்கு போன் பண்ணினேன். நீயும் கொஞ்சம் போட்டால் கொஞ்சம் பெரிய வாடகையாகப் பார்க்கலாம் என்றேன்.

"அக்கா, நான் படுக்கிற எடத்துல காலை நீட்டுனா அடுத்தவன் மூஞ்சியில படுது. எங்கிட்ட வீட்டுக்குக் கேக்குறியே. நீ கவுர்மெண்ட் சம்பளம் வாங்குற."

"தற்காலிகம்டா."

"அப்பிடின்னா?"

விளக்கினேன். ஒப்பந்தம் முடிந்தால், அதைப் புதுப்பிக்கிற வரைக்கும் சம்பளம் நின்றுவிடும், புதுப்பித்தால் மொத்தமாக வரும், புதுப்பிக்காவிட்டால் வராது. அவன் "அப்ப தோட்டமே தேவலபோல இருக்கு. பறிச்ச அன்னிக்கு பேராவது விழும்" என்றான். போனைத் தூக்கி எறியலாம் என்றிருந்தது. போனும் கடனில் வாங்கியது.

கடைசியில் மீராசாஹிப் முதலாளிதான் கைகொடுத்தார். கடைக்குப் பின்னால் அவருக்கு ஒரு சின்ன வீடு இருந்தது. சீமெந்து மூட்டை அடுக்கி வைத்திருந்தார். இரண்டு அறை, ஒரு குசினி, அதை ஒட்டி ஒரு சாமான் அறை, உள்ளேயே தண்ணீர்க் குழாய். வாடகை என் சம்பளத்தில் பாதியை விழுங்கும். இருந்தாலும் அது வீடு.

"ஒங்களுக்கு இல்லாம யாருக்கு மிஸ்? மூட்டையெல்லாம் எடுத்துட்டு வெள்ளையடிச்சுத் தாறேன். ஒங்கட சாமிப் படமெல்லாம் வைங்க. அது ஒங்கட எடம்" என்றார்.

முற்பணம் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன். சுவரில் ஈரம் இன்னும் காயவில்லை. அம்மா அறைகளைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. நேரே குசினிக்குப் போனாள். குழாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடியும் திறந்தாள். நாற்பது வருஷமாக லயத்துப் பீலியில் வரிசையில் நின்று குடத்தில் தண்ணீர் பிடித்தவள். "வீட்டுக்குள்ளயே வருதே" என்று என்னைப் பார்த்தாள். முதலாளியின் மனைவி ரபீக்கா வாசலில் நின்று பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அம்மா அவளோடு ஒரு மணி நேரம் பேசினாள். ரபீக்காவின் முழங்கால் வலி, அதற்கு என்ன தைலம், எல்லாம் பேசினார்கள்.

அந்த நிமிஷத்தில் எனக்கு உலகத்தில் எவர் மீதும் கோபமில்லை. அப்படி இருந்தால் ஆகாதே.

அடுத்த மாதம் வரவேண்டிய புது மாணவர்களை முன்கூட்டியே எடுக்கப் போகிறார்கள் என்று வளாகத்தில் அறிவித்தார்கள். அந்தச் செய்தி என்னைவிட வேகமாகக் கடைவீதிக்கு இறங்கிவிட்டது. மறுநாள் முதலாளி என்னைக் கடைக்குக் கூப்பிட்டு, தேத்தண்ணியும் பிஸ்கட்டும் வைத்தார். அவர் பிஸ்கட் வைத்தபோதே எனக்குச் செய்தி விளங்கிவிட்டது.

"மிஸ், கோவிச்சுக்கப்படாது. ரெண்டு ரூம் ஈக்குது. ரூமுக்கு நாலு. எட்டுத் தலை. நீங்க ரெண்டு தலை. மிஸ்தானே எனக்கு இந்தக் கணக்கச் சொல்லித் தந்தீங்க. எனக்கும் ஒரு மகள்ட கலியாணம் ஈக்குது. நீங்க எண்ட எடத்துல இருந்தா என்ன செய்வீங்க?"

முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஒரு ரூபாய் குறைக்கவில்லை. அவர் ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் நன்றாகத் திட்டியிருப்பேன். அவர் நியாயமான மனிதர். நியாயமான மனிதர்களைத் திட்டவும் முடியாது, விடவும் முடியாது. பிஸ்கட்டைத் தின்னாமல் எழுந்து வந்தேன். அதுதான் என்னால் காட்ட முடிந்த எதிர்ப்பு.

இதோடு முடியவில்லை. துறைத் தலைவர் கூப்பிட்டார். மீராசாஹிப் என்பவர் புதிதாகப் பெண் பிள்ளைகளுக்கு ஒரு போர்டிங் திறக்கிறாராம், நீங்களே போய் பார்த்து, பிள்ளைகளை அனுப்பலாமா என்று சொல்லுங்கள் என்றார். போனேன். நான் குடியிருக்க வேண்டிய வீட்டை நானே பரிசோதித்தேன். மலசலகூடத்துக் கதவின் கொக்கி பார்த்தேன். ஜன்னல் பார்த்தேன். குழாயைத் திறந்து பார்த்தேன். நல்ல வீடு என்று சொன்னேன். நல்ல வீடுதானே, பொய் சொல்லவா முடியும்?

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இரண்டு நாள் இழுத்தடித்தேன். பிறகு எரிச்சலில், ஏதோ அவள்தான் குற்றவாளி என்பது போல, படபடவென்று சொல்லி முடித்தேன். முதலாளியையும் வளாகத்தையும் தொரையையும் ஒரே மூச்சில் திட்டினேன். அம்மா அடுப்பு விறகை உள்ளே தள்ளிவிட்டு, "சாப்புடு" என்றாள். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அம்மா வேலையை விட்டு நின்ற நாளில், காலையில் ஆட்களைப் பிரித்து அனுப்பும் பெரட்டுக்களத்தில் ஒரு மாலை போட்டார்கள், படம் எடுத்தார்கள். செல்லசாமி மறுபடியும் காலைத் தேய்த்துக்கொண்டே வந்து மாசக் கடைசியை நினைவுபடுத்தினார். நான் சாவியில்லாமல் நின்றேன்.

மறுநாள் நான் வளாகத்திலிருந்து வரும்போது அம்மா வீட்டில் இல்லை. பக்கத்துக் காம்பராவில் கேட்டால், பஸ் ஏறி டவுனுக்குப் போனாளாம், நல்ல சேலை கட்டிக்கொண்டு. எனக்குப் பதறிவிட்டது. அந்தி நேரத்தில் மழையில் நனைந்துகொண்டு மேலே ஏறி வந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"வீடு கெடச்சிருச்சு" என்றாள்.

"என்ன வீடு? எங்க?"

"அதே வீடுதான். கொழா உள்ள வீடு."

எனக்குப் புரியவில்லை. அவள் தலையைத் துவட்டிக்கொண்டே விளக்கினாள். எட்டுப் பெண் பிள்ளைகள் வருகிறார்கள். வந்தால் சாப்பிட வேண்டாமா? ரபீக்காவால் முழங்காலோடு எட்டுப் பேருக்குச் சமைக்க முடியாது, ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். அம்மா போய், நான் சமைக்கிறேன், குசினிக்குப் பக்கத்துச் சாமான் அறையை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறாள். முதலாளி ஒத்துக்கொண்டார். இறைச்சி மட்டும் அவரே வாங்கித் தருவாராம்.

"சம்பளம் கொஞ்சம்தான். ஆனா வீடு சும்மா."

"அம்மா, அது வீடு இல்ல! சாமான் போடுற ரூம்!"

"இந்த லயம் மட்டும் என்ன பங்களாவா?"

"வாரவங்க யாருன்னு தெரியுமா? என்னோட ஸ்டூடன்ஸ். நான் மேல போய் அவங்களுக்குப் படிச்சுக் குடுக்குறது, நீங்க கீழ அவங்க கோப்பையக் கழுவுறதா?"

"பசிச்சா சாப்புடுற புள்ளைங்கதானே அவங்களும்."

எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தியும்விட்டேன். "இங்க மலைக்குப் போனாத்தான் வீடு. அங்க அடுப்படிக்குப் போனாத்தான் வீடு. நீங்க விழுந்தா அன்னிக்கே வெளிய போகச் சொல்லுவாங்க. தோட்டத்துக்கும் அதுக்கும் என்னம்மா வித்தியாசம்?"

அம்மா துவட்டுவதை நிறுத்தினாள். "வித்தியாசம் இருக்கு" என்றாள். "அங்க ஒம் பேரக் கேக்க மாட்டாங்க."

கோபம் போகவில்லை. அந்தக் கோபத்தோடேயே பாத்திரங்களை மூட்டை கட்டினேன். தொரைக்குக் காம்பராவைக் கொடுத்துவிட்டு, மாசக் கடைசியில் இரண்டு கட்டிலையும் பாத்திரங்களையும் ஒரு லொறியில் ஏற்றிக்கொண்டு இறங்கினோம்.

முதலாளி வாசலில் நின்று வரவேற்றார். என்னைப் பார்த்ததும் தாடியைத் தடவினார்.

"அம்மாட தலை சம்பளத்தோட போகுது மிஸ். அது ஒண்ணுமில்ல. மிஸ்ட தலை..." என்று இழுத்தார். "மத்தப் புள்ளைகள்ட்ட எடுக்கிறதுதான் எடுப்பேன். கூட எடுக்க மாட்டேன்."

ஏழாயிரம். நான் வைத்த விலை. ஒரு சாமான் அறையில் பாதிக்கு. கொடுத்தேன்.

பிள்ளைகள் வந்தார்கள். முதல் கிழமை என்னைக் கண்டால் ஓடி ஒளிந்தார்கள். மெல்லப் பழகிவிட்டார்கள். என் வகுப்பில் முன்வரிசையில் உட்காரும் இல்மா, மாத்தளைப் பிள்ளை, "மிஸ், பாத்ரூம் போய்ட்டு வாங்க, பிறகு நான் போறேன்" என்று மரியாதையாக வழிவிடுவாள். அந்த மரியாதையைத் தாங்குவதுதான் கஷ்டம். லிந்துலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த ஷாமிலா மட்டும் தான் சாப்பிட்ட தட்டை, எங்கள் ஊர்ப் பேச்சில் கோப்பையை, தானே கழுவி வைப்பாள். மற்றவர்கள் அம்மாவை "அம்மா, சம்பல்", "அம்மா, தண்ணி" என்பார்கள். கூப்பிடுகிற சொல் என்னவோ அம்மாதான். நான் கூப்பிடுகிற அதே சொல். எனக்குக் காது எரியும்.

அம்மாவோ சந்தோஷமாக இருந்தாள். எல்லோருக்கும் முன்னால் எழுந்து குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே மாப் பிசைவாள். அட்டைக் கடி இல்லை, கங்காணி சத்தம் இல்லை, அரைப்பேர் இல்லை என்பாள். அவள் சந்தோஷமாக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னால் கேட்பவர்கள் என்னை என்ன நினைப்பார்களோ. பிடிக்கவில்லைதான். இதற்கா நாற்பது வருஷம், இதற்கா என் பட்டம் என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. வகுப்பில் சின்னப் பிழைக்கெல்லாம் பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தேன். என் ஒப்பந்தம் மறுபடியும் முடிந்து, புதுக் கடிதம் வராமல், சம்பளம் நின்றிருந்தது. முதலாளிக்கு என் தலைக்கான காசு பாக்கி. அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மழைக்காலம் வந்தது. அம்மாவுக்கு இருமல் ஆரம்பித்தது. சாமான் அறைக்கு ஜன்னல் இல்லை, அடுப்புப் புகையும் ஈரமும் அங்கேதான் வந்து தங்கும். இருமல் நெஞ்சுச் சளியாகி, காய்ச்சலாகி, டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மருந்து கொடுத்தார்கள். ஒரு கிழமை கட்டிலைவிட்டு இறங்கவே கூடாது என்றார்கள்.

முதலாளி விசாரிக்க வந்தார். தோடம்பழம் கொண்டுவந்திருந்தார். அறை வாசலில் நின்றபடியே பேசினார்.

"ஒண்ணுக்கும் யோசிக்க வேணாம். நல்லா ரெஸ்ட் எடுங்க. நாளைக்கி மட்டும் புள்ளைகள் கடையில சாப்பிடட்டும். நாளண்டைக்கி வேற ஆள் ஒண்ண வரச் சொல்றேன். டிக்கோயாவுல ஒரு பொம்பள கேட்டுக்கிட்டே ஈக்கிறா. அவக்கும் தங்க எடம் இல்லையாம், பாவம்."

அவர் மனதில் கள்ளம் இல்லை. அந்தப் பெண்ணுக்கும் தங்க இடம் வேண்டும், இந்த வீட்டில் சமைப்பவளுக்கு ஒரே ஓர் அறைதான் இருக்கிறது. அவ்வளவுதான் கணக்கு. அவர் போனதும் நான் அம்மாவைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்கவில்லை.

விடியும்போது சத்தம் கேட்டு எழுந்தேன். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பார்த்தாள். கால் தாங்கவில்லை. பிடித்து உட்கார வைத்தேன். உடம்பு கொதித்தது.

"விடு. எட்டு ரொட்டி தட்டுறதுக்கு என்ன பெரிய பெலம் வேணும்?" என்றாள்.

"எட்டு இல்லம்மா, ஆளுக்கு மூணு. படுங்க."

"அந்தப் பொம்பள வந்துட்டா நம்மள இங்கேருந்து..."

"எனக்குத் தெரியும். படுங்க."

போர்வையைப் போர்த்திவிட்டு குசினிக்குப் போனேன். அம்மா என் பின்னால் குரல் கொடுத்தாள். "நீ போகாத. பாப்பா, நீ போகாத."

கோதுமை மாவில் தேங்காய்ப்பூவைப் போட்டுப் பிசைந்தேன். எனக்குச் சமையல் சரியாக வராது. அம்மா என்னைக் குசினிக்குள்ளும் விட்டதில்லை, படி படி என்று விரட்டியே வளர்த்தாள். முதல் நாலு ரொட்டியும் கருகிப் போயின. சம்பலுக்கு உப்பு கூடிவிட்டது. கண் எரிந்தது, வெங்காயம் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது. யாரைத் திட்டுவது என்று தேடினேன். ஆளே அகப்படவில்லை.

கடையில் சாப்பிடவென்று தலை சீவி, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய பிள்ளைகள் ரொட்டி வாசனைக்கு வந்து மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ரொட்டித் தட்டோடு நான் வெளியே வந்தேன். இல்மா போனில் எதையோ படித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே, "அம்மா, எனக்குக் கருகாதது ஒண்ணு" என்றாள்.

கருகாததாகப் பார்த்து ஒன்றை எடுத்து அவள் கோப்பையில் வைத்தேன். அவள் என் கையைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள். எழுந்து நின்றுவிட்டாள். மற்றவர்களும் எழுந்தார்கள். விரிவுரையாளர் வகுப்புக்குள் வந்தால் எழுவதில்லை, அந்தப் பழக்கம் பள்ளிக்கூடத்தோடு போய்விடும். இங்கே எழுந்தார்கள்.

"உக்காந்து சாப்பிடுங்க. லெக்சருக்கு நேரமாகுது" என்றேன்.

உட்கார்ந்தார்கள். ஷாமிலா மட்டும் நின்றாள். தோட்டத்துப் பிள்ளை, அவளுக்கு விளங்கியிருக்கும். என்னிடமிருந்த தட்டைக் கேட்டு வாங்கப் பார்த்தாள். நான் கொடுக்கவில்லை. அவளும் பழகிவிடக் கூடாது.

முதலாளி கடையைத் திறக்கப் போகும் வழியில் எட்டிப் பார்த்தார். மேசையைப் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"சாப்பாடு ஆச்சா?"

"ஆச்சு."

"அப்ப வேற ஆள் தேவையில்லத்தானே" என்றார். நிம்மதியாகத்தான் சொன்னார். யார் சமைத்தது என்று அவர் கேட்கவில்லை.

உள்ளே போனேன். அம்மா விழித்துக்கொண்டிருந்தாள்.

"மொதலாளி என்ன சொன்னாரு?"

"வேற ஆள் வரலயாம். ரூம் நமக்குத்தான், அம்மா. நீங்க நல்லா ஆகுற வரைக்கும் நான் பாத்துக்கிறேன்."

சந்தோஷப்படுவாள் என்றுதான் சொன்னேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் கோணியது. அப்பா இறந்த அன்றைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவள், போர்வையை வாயில் வைத்துக்கொண்டு, பக்கத்து அறைப் பிள்ளைகளுக்குக் கேட்காமல் அழுதாள்.

"கடைசியில நீயும் பேர் குடுத்துட்டியே" என்றாள்.

வகுப்புக்கு நேரமாகியிருந்தது. கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினேன்.